மாதம் ஒரு நூல் நகர்ந்த கார்

நாற்கரச் சாலைக்குத் தார் ஊற்றி முடித்து, வண்டிகளை இன்னும் விடாமல் வைத்திருந்த ஒரு மாசி மாதத்தில், கூத்தன்மேட்டில் ஒரு கார் சுவரில் மோத ஆரம்பித்தது. அது மோதிக்கொண்டிருக்கும்போதே ஊரில் பலர் செத்தார்கள், பலர் பிறந்தார்கள், சின்ன வெங்காயம் நான்கு தடவை விலை ஏறி ஐந்து தடவை இறங்கியது, ஏரிக்கரைப் புளியமரங்களை வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பிறந்தவர்களில் சிலர் பள்ளிக்கூடமும் முடித்துவிட்டார்கள். கார் மோதிக்கொண்டேதான் இருந்தது. உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவன் மெக்கானிக் அய்யாக்கண்ணு. வெளியே நின்றவள் அவன் பெண்டாட்டி செங்கமலம்.

அதற்கு முன் இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் ஒரு வெள்ளைக்காரர் நிகழ்ச்சியைத் தமிழில் பேசவைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல காரைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதவிடுவார்கள், ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும், பிறகு அதே நொடியை நாலு நிமிஷத்துக்கு இழுத்துக் காட்டுவார்கள். கண்ணாடி பூப்பூவாய் விரியும், பானெட் துணி மாதிரி மடியும், உள்ளே உட்காரவைத்த பொம்மையின் கழுத்து மெதுவாக, மிக மெதுவாக, தூங்கி விழுகிற குழந்தையின் கழுத்துபோல முன்னால் சாயும். அய்யாக்கண்ணு பட்டறையில் இருந்த டிவி முன்னால் அரை ஊர் கூடும். "என்னா அழகா நொறுங்குது பாரு" என்பான் அவன். செங்கமலத்துக்கு அந்தப் பொம்மையைப் பார்க்கப் பிடிக்காது. "அதுக்கும் ஒரு சட்டை பேண்ட்டு போட்டுத்தானே உக்கார வச்சிருக்கான்" என்று எழுந்து போய்விடுவாள்.

அதைப் பார்த்துத் தமிழ்ச் சேனல் ஒன்றுக்கும் ஆசை வந்தது. 'மோதிப் பார்ப்போம்' என்று பெயர் வைத்தார்கள். வண்டி ஓடாத நேர்ச் சாலை வேண்டும் என்று தேடிக் கூத்தன்மேட்டுக்கு வந்தார்கள். டைரக்டர் பெயர் ரெக்ஸ், வெயிலோ மழையோ கழற்றாத தொப்பி. பழைய வெள்ளை அம்பாசிடர் ஒன்றை வாங்கி அய்யாக்கண்ணுவிடம் ஒப்படைத்தார். அவன் எஞ்சினைக் கழற்றினான், பிரேக்கைக் கழற்றினான், மோதும்போது கதவு திறந்துவிடக் கூடாது என்று சொன்னதால் நான்கு கதவுகளையும் கம்பி போட்டு முறுக்கிக் கட்டினான். சென்னையிலிருந்து வரவேண்டிய பொம்மை வராததால் கோணிச்சாக்கில் உமி அடைத்துத் தலையும் தோளும் பிடித்து, தன் பழைய கட்டம்போட்ட சட்டையை மாட்டி, அவனே பொம்மையும் செய்தான். சாலைக்குக் குறுக்கே ஒரு சிமெண்ட் சுவர் எழுப்பினார்கள், மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி. லாரிக்கும் காருக்கும் நடுவே கப்பிச் சக்கரம் வழியாக நீண்ட இரும்புக் கயிறு. லாரி டிரைவருக்கு மேடு மறைத்தது, ஆகவே வேட்டுச் சத்தம் கேட்டதும் இழுக்க வேண்டும் என்று ஏற்பாடு.

அந்தப் பக்கத்தில் எந்த வண்டியையும் முதல் ஓட்டத்துக்குக் காலியாக விடமாட்டார்கள். டிராக்டரானாலும் போர்வெல் லாரியானாலும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, ஓர் ஆள் ஏறி உட்கார்ந்து ஒரு சக்கரச் சுற்றாவது போய் இறங்க வேண்டும். காலி வண்டி கிளம்பினால் அது ஆளைத் தேடும் என்பது நம்பிக்கை. பூசைத் தட்டோடு வந்த செங்கமலம் காரையும் உமிப் பொம்மையையும் பார்த்தாள்.

"மாமா, இத எறக்கிட்டு நீங்க ஒரு சுத்து உக்காந்து எறங்குங்க."

"அடியேய், இது ஒடையப்போற வண்டிடி. இதுக்கு எதுக்குடி மொத ஓட்டம்?"

"ஒடையிற வண்டின்னா இன்னும் நல்லது. கேமராக்காரங்க அத்தன பேரு நிக்கிறாங்க, அவங்களத் தேடிப் போச்சுன்னா?"

ரெக்ஸ் சிரித்தார். "உக்காருங்கண்ணே, இதையும் எடுத்துக்கலாம், மண்வாசனையா இருக்கும்."

அய்யாக்கண்ணு பொம்மையை இறக்கிச் சாலையோரம் சாய்த்து வைத்தான். கதவுகள் கட்டியிருந்ததால் சன்னல் வழியாகப் புகுந்து உட்கார்ந்தான். நான்கு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள், எலுமிச்சம்பழங்கள் நசுங்கின, செங்கமலம் சூடத்தைச் சுற்றினாள், சூடம் காட்டினால் அதிர்வேட்டுப் போடுவது வழக்கம் என்பதால் வேட்டுக்கார மாயாண்டி, கையில் வைத்திருந்த இரண்டு வேட்டில் சாமிக்கு உரியதைக் கொளுத்தினான். இரண்டாவது வேட்டுதான் டிவிக்கு. அதை மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவனிடம் யாரும் சொல்லவில்லை.

லாரி இழுத்தது. கார் போனது. செங்கமலம் கையில் தட்டோடு பின்னாலேயே ஓடினாள். "எறங்குங்க மாமா! எறங்குங்க!" என்று அவள் கத்தின கத்து அவளை முந்திக்கொண்டு போய்க் காரை எட்டிப்பிடித்துச் சன்னல் வழியாக உள்ளே நுழைந்தது. நுழைந்த அதே கணத்தில் காரின் முன்கம்பி சிமெண்ட் சுவரைத் தொட்டது. தொட்டதும் கார் டிவியில் காட்டுகிறதுபோல மெதுவாகிவிட்டது. கத்து உள்ளேயே நின்றுவிட்டது.

ஓடிவந்தவர்கள் காரைச் சுற்றி நின்றார்கள். நொறுங்கும் சத்தத்துக்காகக் காதைப் பொத்தியவர்கள் கையை எடுத்தார்கள். சாயங்காலம்வரை காத்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாளிலிருந்து எல்லாமும் செய்து பார்த்தார்கள். கிரேன் கொண்டுவந்து பின்பக்கம் கொக்கி மாட்டினார்கள், கொக்கியும் அந்த மெதுவில் சேர்ந்துகொண்டது, கிரேன்காரன் சங்கிலியை அறுத்துவிட்டுத்தான் ஊர்போய்ச் சேர முடிந்தது. சுவரை உடைத்துவிடலாம் என்று கடப்பாரையால் ஒரு குத்துக் குத்தினார்கள், கார் தொட்டுவிட்டதால் சுவரும் காரின் கட்சிக்குப் போய்விட்டிருந்தது, கடப்பாரை குத்தியபடியே நின்றது, பெயர்ந்த சிமெண்ட் சில்லு ஒன்று தரையில் விழ வருஷக்கணக்கானது. செங்கமலத்தின் தம்பி சன்னல் வழியாக ஒரு தலையணையை வீசினான், அது குறி தவறிப் பின்சீட்டுக்கு மேலே அந்தரத்தில் தங்கிவிட்டது. "கிட்டிப்புள்ளே ஒழுங்கா அடிக்கத் தெரியாதவன்" என்று அவனை ஊர் ஏசியது. இன்னொரு தலையணையை மூங்கிலில் கட்டி நீட்டினார்கள். உள்ளே போன பொருள் எதுவும் வெளியிலிருந்து தள்ளுகிறவன் கைக்குக் கட்டுப்படவில்லை.

ஐந்தாம் நாள் செங்கமலம் யாரிடமும் சொல்லாமல் இடதுபக்கச் சன்னலுக்குள் கையை நீட்டினாள். மணிக்கட்டு வரைதான் போனது. மனசு மாறி வெளியே இழுப்பதற்குச் சரியாக ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் ஆனது. நாற்பத்தெட்டு நாளும் அவள் அங்கேயே நின்றாள். மேலே கீற்றுப் பந்தல் போட்டார்கள், சோறு ஊட்டினார்கள், ஐந்து வயது மகள் மணிமொழி அவள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு காலடியில் தூங்கினாள். கை வெளியே வந்தபோது அந்தக் கையின் நகம் மட்டும் வளர்ந்திருக்கவில்லை, பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்று குறைந்திருந்தது. நழுவின வளையல் சன்னலுக்கும் அவன் தோளுக்கும் நடுவே காற்றில் நின்றது.

மகள் அவளைக் கட்டிக்கொண்டு, "இனிமே கைய விடாதம்மா" என்றாள். செங்கமலம் விடவில்லை.

அய்யாக்கண்ணுவின் நெற்றிக்கும் முன்கண்ணாடிக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து சொன்னவர் சயின்ஸ் வாத்தியார் அருணகிரி. வெளியிலிருந்தே கண்ணாடியில் சாக்பீஸால் கோடு போட்டு, இரும்பு ஸ்கேலை வைத்து ஒரு மாதம் விட்டுப் பார்த்தார். ஒரு நூல் நகர்ந்திருந்தது. அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு, அதைத்தான் ஆசாரிகளும் மெக்கானிக்குகளும் நூல் என்பார்கள், அய்யாக்கண்ணு வாழ்நாள் முழுதும் புழங்கிய அளவு.

"மொத்தம் எரநூத்தி இருவத்தெட்டு நூல் இருந்துச்சும்மா. பத்தொம்போது வருஷம்."

"அதுக்கப்புறம் சார்?"

வாத்தியார் ஸ்கேலைத் துடைத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "அதுக்குள்ள ஏதாச்சும் கண்டுபிடிப்பாங்க" என்றார்.

ஊர் அந்தக் காரோடு பழகிக்கொண்டது. சாலைக்காரர்கள் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சாலையை அந்த இடத்தில் வளைத்துக்கொண்டு போனார்கள், நூறு மைலுக்கு நூல்பிடித்தது மாதிரி வருகிற சாலை கூத்தன்மேட்டில் மட்டும் ஏன் வயிற்றை எக்கிக்கொண்டு போகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வளைவில் பஸ் நின்றது, ஸ்டாப்புக்கு 'மோதல்' என்றே பெயராகிவிட்டது. "மோதல்லாம் எறங்கு, மோதல்லாம் எறங்கு" என்று கண்டக்டர்கள் கூவினார்கள். தகரக் கூரை போட்டார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர்கள் மாணவர்களைக் கூட்டிவந்து, "இந்தா, இதான் மோதல், நல்லாப் பாத்துக்க" என்று சுற்றிக் காட்டினார்கள். லாரிக்காரர்கள் இறங்கிச் சூடம் கொளுத்தினார்கள், ஆனால் வேட்டு மட்டும் யாரும் போடமாட்டார்கள். மாயாண்டி அன்றைக்குக் கையில் மிஞ்சிய இரண்டாவது வேட்டைக் கிணற்றில் போட்டவன், பிறகு ஆடு மேய்க்கப் போய்விட்டான்.

சங்கடங்களும் வந்தன. ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவர் பெயரை எடுக்கலாமா கூடாதா என்று விசாரிக்க வந்த அதிகாரி காருக்கு முன் அரைமணி நேரம் நின்றார்.

"ஆளு உயிரோட இருக்காரா?"

"கண்ணு தொறந்துதாங்க இருக்கு."

"மூச்சு?"

"மூணாம் வருஷம் ஆடியில ஒன்னு இழுக்க ஆரம்பிச்சாருங்க. இன்னும் வெளிய விடல."

அதிகாரி 'குடும்பத் தலைவர் பயணத்தில் உள்ளார்' என்று எழுதிவிட்டுப் போனார். கல்யாண வீடுகளில் செங்கமலத்துக்கு வெற்றிலை பாக்குக் கொடுக்கலாமா என்று முதல் வருஷம் கிசுகிசுத்தார்கள். டீக்கடைப் பட்டம்மாள்தான் அதை முடித்துவைத்தாள். "எம்புருசன் வீட்டுக்குள்ள இருந்தும் இல்லாதவன், அவ புருசன் காருக்குள்ள இருந்தும் இருக்குறவன், எனக்குக் குடுக்குற வெத்தலய அவளுக்கும் குடுங்கடி" என்றாள். கொடுத்தார்கள்.

உமிப் பொம்மையைச் செங்கமலம் வீட்டுக்கு எடுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்திருந்தாள். அவன் சட்டை அதன்மேல் இருந்ததால் தூக்கிப்போட மனசு வரவில்லை. மணிமொழி அதன்மேல் சாய்ந்துகொண்டு வாய்ப்பாடு படித்தாள், காய்ச்சல் வந்தால் அதன் மடியில் படுத்தாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை உமி மாற்றினார்கள்.

"ஒரு சுத்து உக்காந்து எறங்குங்க" என்று தான் சொன்னதைச் செங்கமலத்திடம் யாரும் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்கு அழுதிருக்கலாம். அதுவும் கிடைக்கவில்லை.

தினம் காலையில் ஏழிலிருந்து எட்டுவரை அவள் இடதுபக்கச் சன்னலுக்கு நேரே ஒரே இடத்தில் அசையாமல் நிற்பாள். அதற்கு வாத்தியார்தான் காரணம். "நாம வர்றது போறது ஒன்னும் அவன் கண்ணுக்குத் தட்டாதும்மா. அவ்வளவு வேகமா இருக்கோம் நாம. ஒரே எடத்துல வருசக்கணக்கா நின்னாத்தான் ஒரு நெழலாவது விழும்" என்று அவர் சொன்ன நாளிலிருந்து நின்றாள். கால் வைத்த இடத்தில் தார் குழிந்தது. மணிமொழிக்குக் காதுகுத்தையும் அந்த இடத்தில்தான் செய்தார்கள், பெரிய மனுஷியானபோது அங்கேதான் நிறுத்தி ஆரத்தி எடுத்தார்கள், அவன் பார்த்திருக்க வழியில்லை என்று தெரிந்தே செய்தார்கள்.

ஆனால் முகம் மாறியது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. மோத ஆரம்பித்த அன்று அவன் முகத்தில் அசட்டுச் சிரிப்பு ஒன்று இருந்தது, 'மாட்டிக்கிட்டேன் பாத்தியா' என்று சன்னல் பக்கம் திரும்பின சிரிப்பு. முதல் நான்கு வருஷம் அந்தச் சிரிப்பு இருந்தது. ஐந்தாம் வருஷம் ஓரத்தில் கரைய ஆரம்பித்தது. எட்டாம் வருஷம் புருவம் ஏறத் தொடங்கியது. "இந்த வருசம் அண்ணனுக்குப் புரிய ஆரம்பிச்சிருச்சு" என்று பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள். பத்தாம் வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. பயம் ஒரு மனிதன் முகத்துக்கு வருவதை மாதம் மாதமாக, பக்கத்தில் நின்று, துடைக்கவும் முடியாமல் செங்கமலம் பார்த்தாள். அவனுக்கு இருபத்தொன்பது வயதே நின்றது. அவள் அவனுக்குச் சமமானாள், மூத்தவளானாள், காதோரம் நரைத்தாள்.

இதற்கிடையில் ஒரு குருவி. இரண்டாம் வருஷம் பங்குனியில் அது இடதுபக்கச் சன்னலுக்குள் பறந்தது. சிறகு விரித்தபடி அய்யாக்கண்ணுவின் மூக்குக்கு முன்னால் நெடுநாள் நின்றது. மூன்று வருஷம் கழித்து வலதுபக்கச் சன்னல் வழியாக வெளியே வந்து, ஒன்றும் நடக்காததுபோல் ஏரிக்கரைப் புளியமரத்தைத் தேடிப் போய், மரம் இல்லாததால் கொஞ்சநேரம் காற்றிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஊரே அதை அண்ணாந்து பார்த்தது. உயிருள்ளது தானாகப் போனால் போகலாம், வரலாம், மூன்று வருஷம் ஆகும் என்று ஊருக்குத் தெரிந்தது. யாரும் செங்கமலத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மணிமொழியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அப்போது மணிமொழிக்குப் பத்து வயது.

பதினான்காம் வருஷம் ரெக்ஸ் வந்தார். தொப்பி இல்லை, முடியும் இல்லை. சமையல் நிகழ்ச்சி எடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பஸ் ஸ்டாப் பக்கம் நின்று செங்கமலத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார்.

"அம்மா, அன்னைக்கு எங்க கேமரா நிக்கல. நமக்குத்தான் வண்டி மெதுவாச்சு, கேமராவுல முழு மோதலும் ஒரே செகண்டுல முடிஞ்சிருக்கு. அந்த ஒரு செகண்ட்ல எல்லாம் இருக்கு."

"எல்லாம்னா?"

"இன்னும் நடக்காததுங்கூட. நான் யாருக்கும் காட்டல. ஒன்னு மட்டும் எனக்குப் புரியாம இருந்துச்சு. இன்னைக்கு உங்களப் பாத்ததும் புரிஞ்சிருச்சு. அதான் காட்டலாமா வேணாமான்னு..."

"காட்டுங்க."

அந்த ஒரு செகண்டை இழுத்து ஓடவிட்ட படத்தில் கார் மோதியது. அவள் பதினான்கு வருஷமாகப் பார்த்ததெல்லாம் மூன்று நிமிஷத்தில் ஓடியது, சிரிப்பு கரைந்தது, புருவம் ஏறியது, வெளியே கலங்கல் கலங்கலாய் என்னென்னவோ பறந்தது. பிறகு இன்னும் வராத வருஷங்கள். இடதுபக்கச் சன்னல் வழியாக ஒரு பெண் உள்ளே வந்தாள். பாதி நரைத்த தலை. கடுகு நிறப் புடவை, பச்சைக் கரை. அவள் கை அவன் நெற்றிக்குக் குறுக்கே நீண்டது. அவன் கையும் ஸ்டியரிங்கை விட்டு அவளுக்குக் குறுக்கே வந்தது. இரண்டு கைகளும் பின்னிக்கொண்டன, யார் யாரைத் தடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. அதோடு சிமெண்ட் தூசி எழும்பித் திரையை மூடியது.

"அன்னைக்கு உங்க தலை கருகருன்னு இருந்துச்சும்மா. அதனால அடையாளம் தெரியல" என்றார் ரெக்ஸ்.

"அதுக்கப்புறம்?"

"தூசிதாம்மா."

"எம்புள்ள தெரியுதா அதுல எங்கயாச்சும்?"

"வெளிய எல்லாமே கலங்கலா இருக்கும்மா."

அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள். வீட்டுக்கு வந்து டிரங்குப்பெட்டியைத் திறந்து எல்லாப் புடவையையும் கட்டிலில் போட்டுப் பார்த்தாள். கடுகு நிறம் இல்லை. நெஞ்சு லேசானது. அதிலிருந்து தீபாவளிக்குப் பொங்கலுக்கு யார் புடவை எடுத்துத் தருவதாகச் சொன்னாலும், "இருக்குறதே கெடக்குது" என்று தடுத்தாள். ஜவுளிக்கடைப் பையோடு யாராவது தெருவில் வந்தால் கதவைச் சாத்தினாள். புருஷன் முகத்தில் பயம் முற்றிக்கொண்டே வந்தது, அவள் ஏழிலிருந்து எட்டுவரை நின்றாள், நிற்கும்போது சன்னலிலிருந்து அரையடி தள்ளி நிற்க ஆரம்பித்தாள்.

மணிமொழி நர்சுக்குப் படித்து முடித்து திருச்சியில் வேலைக்குச் சேர்ந்தாள். வாத்தியார் ரிடையர் ஆனபோது ஸ்கேலை அவளிடம் கொடுத்திருந்தார், மாதம் ஒருமுறை அவள்தான் வந்து அளப்பாள். பதினாறாம் வருஷ முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அளந்துவிட்டு, "முப்பத்தாறு நூல்மா" என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். "மொத சம்பளம். வேணாம்னு சொன்ன, உமிமூட்டைக்குத்தான் கட்டிவிடுவேன்."

கடுகு நிறம். பச்சைக் கரை.

செங்கமலம் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "கடையில வேற கலரே இல்லியாடி?"

"இருவது பொடவயப் பிரிச்சுப்போட வச்சேன், கடைக்காரப் பையன் அழுதுட்டான். ஒன் நெறத்துக்கு இதான் எடுப்பா இருக்கும்னு தோணுச்சு. ஏன், புடிக்கலியா?"

குருவிக்கு மூன்று வருஷம். முப்பத்தாறு நூலுக்கும் மூன்று வருஷம். செங்கமலம் தரையில் உட்கார்ந்தாள். மகளை உட்காரவைத்து, ரெக்ஸ் வந்தது, படம், சன்னல், நரைத்த தலை, கைகள், தூசி, எல்லாவற்றையும் அடுப்பில் என்ன இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

 மணிமொழி புடவையைப் பிடுங்கினாள். "நான் இத எரிச்சிட்டா?"

"எரி."

அவள் எரிக்கவில்லை. "நான் வேற கலரு எடுத்திருந்தா?"

"எடுத்திருக்க மாட்ட."

"நீ போயி என்னா ஆவப்போவுது? கைய நீட்டுனா கை ஒடியும். நான் டெய்லி பாக்குறேம்மா ஆக்சிடென்ட் கேசு. கை ஒடியும், தலையும் ஒடையும். ஒன்னுக்கு ரெண்டா போவும்."

"தெரியும்."

"அப்பறம் எதுக்கு?"

செங்கமலம் பதிலைத் தேடினாள். நான்தான் ஏறச் சொன்னேன் என்பது பதில் ஆகாது. அவன் முகத்தில் இருக்கிற பயம் தனியாக இருக்கிறது என்பதைச் சொல்லப்போனால், இந்தப் பிள்ளையைத் தனியாக விடுவதற்கு என்ன சொல்வது.

"இவ்வளவு வருசம் ஒருத்தரப் பாத்துக்கிட்டு நின்ன. இனிமே நான் ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டு நிக்கணுமா?" என்றாள் மணிமொழி.

"நீ நிக்காத. வேலைக்குப் போ. கல்யாணம் பண்ணிக்க. புள்ளயப் பெத்துக்க."

"ரொம்ப நல்ல யோசன" என்று அழுதாள் மகள். அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை, உமிப் பொம்மையின் இரண்டு பக்கமும் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு செங்கமலம் கடுகு நிறப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். ஊருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. பட்டம்மாள் டீக்கடையிலிருந்து முக்காலி கொண்டுவந்து சன்னலுக்குக் கீழே போட்டாள். "பாத்து ஏறுடி, வயசான காலத்துல சன்னல் ஏறுறா பாரு" என்றாள், சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாத்தியார் தடியூன்றி வந்து கும்பிட்டார். ஆட்டை விட்டுவிட்டு மாயாண்டி தூரத்தில் நின்றான். மணிமொழி மடிப்பைச் சரிசெய்து, முந்தானையை இடுப்பில் செருகிவிட்டாள், ஐந்து வயதில் பிடித்த மாதிரியே கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு விரலாக விட்டாள்.

செங்கமலம் சன்னலுக்குள் தலையை நுழைத்தாள்.

உள்ளே சத்தமாக இருந்தது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை. இரும்பு கிழிகிற சத்தம், கண்ணாடி விரிசல்விடுகிற சத்தம், எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு சின்னப் பொண்ணு கத்துகிற சத்தம். "எறங்குங்க மாமா! எறங்குங்க!" யார் இப்படி வயிறு எரியக் கத்துகிறாள் என்று நினைத்தாள், அது தன் குரல் என்று தெரிந்தது, அது இன்னும் அவன் காதுக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் தெரிந்தது. பச்சை வளையல் அவள் கன்னத்தில் இடித்துவிட்டுப் போனது.

ஒருமுறை வெளியே திரும்பிப் பார்த்தாள். வெயிலும் இருட்டும் விசிறி மாதிரி அடித்துக்கொண்டிருந்தன. பஸ்ஸும் லாரியும் மனிதர்களும் இருந்த இடமே தெரியாமல் புகையாய்ப் போனார்கள். சன்னலுக்கு நேரே, தார் குழிந்த இடத்தில், ஓர் உருவம் மட்டும் கலையாமல் நின்றது. அது மணிமொழி. புடவை மாறிக்கொண்டே இருந்தது, முகம் மாறவில்லை. இடுப்பில் ஒரு குழந்தை வந்து ஏறிக்கொண்டது. நிற்காதே என்று சொன்னேனே என்று நினைத்தாள். அப்படியானால் நான் நின்றதும் இவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது, அந்தச் சிரிப்பு எனக்குத்தான் என்றும் நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் குழந்தை இறங்கி நின்றது.

அவள் கையை அவன் நெற்றிக்கு முன்னால் நீட்டினாள்.

அய்யாக்கண்ணுவின் கண் அவள் பக்கம் திரும்பியது. பாதி நரைத்த, கடுகு நிறப் புடவை கட்டிய, தன்னைவிட மூத்த ஒரு பெண், இந்த நேரத்தில் எங்கிருந்தோ காருக்குள் வந்துவிட்ட யாரோ ஒருத்தி. அவளை அவனுக்குத் தெரியவில்லை. அவன் முகத்திலிருந்த பயம் தனக்கானது என்பதிலிருந்து அவளுக்கானது என்று மாறியது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இடதுகையை அவளுக்குக் குறுக்கே போட்டான்.

"யக்கா," என்றான், "யக்கா, கெட்டியாப் புடிச்சுக்கங்க."

அவள் பிடித்துக்கொண்டாள். தூசி எழும்பத் தொடங்கியது.